பக்கத்து பிரேக்

1

இந்தக் கதை என் மனைவியிடமிருந்து சுட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வம்பு வேண்டாம். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நேற்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவள், தோள்பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்று, "ஏங்க, இன்னைக்கு ரொம்ப நல்ல நாளுங்க" என்றாள்.

வழக்கமாக வந்ததும் அவள் சொல்வது, "இன்னைக்கும் உயிரோட வந்துட்டேன்." அதனால் எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மேம்பாலத்தின் மீது கருமேகங்கள் திரண்டிருந்த அந்த மாலையில், விதி தன்

வேண்டாம். மேகமே இல்லையாம், கேட்டுவிட்டேன். விதியும் அந்தப் பக்கம் வரவில்லை.

இரண்டாம் முயற்சி:

அவள் ஒரு நர்ஸ்.

இது தேவலை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

அவள் ஒரு நர்ஸ். ஐம்பதைத் தொடப்போகிறவள், என் மனைவியின் மாணவி. எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் ஸாரி அக்கா. கியர் மாற்றினால் ஸாரி, மாற்ற மறந்தால் ஸாரி. ஒருமுறை ஓரமாக நின்ற குப்பைத்தொட்டியை இடித்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கிப் போய், தொட்டியிடம் ஸாரி சொன்னாள். (இது நான் சேர்த்தது இல்லை. நான் சேர்ப்பவை இவ்வளவு நன்றாக இருக்காது.)

லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றவள். இரண்டு தடவையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு புது வேலை காத்திருக்கிறது: வீடு வீடாகப் போய் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் வேலை. நைட் ஷிப்ட் கிடையாது. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. ஆனால் கார் அவளே ஓட்ட வேண்டும். இந்தத் தடவையும் தவறினால் அந்த வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

டெஸ்ட் இன்று. கடைசி வகுப்பு நேற்று.

3

கற்றுக்கொடுக்கும் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. என் மனைவியின் வலது கால் அதன் மேலேயேதான் இருக்கும். பழக்கதோஷத்தில் பஸ்ஸில் போனாலும் தரையை அழுத்துவாள். நான் கதை வாசித்துக் காட்டும்போதும் அழுத்துவாள். எந்த வரியில் கால் இறங்குகிறதோ அந்த வரியை அடித்துவிடுவேன்.*

* இந்த இடத்தை விமர்சகர்கள் தாண்டிப் போகலாம்.

4

சரி, நடந்தது என்ன? மேம்பாலத்தின் ஏற்றத்தில் நடுவாந்தரத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. ஸாரி அக்காவின் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு லாரி. மனைவி சொன்னதில் எனக்கு லாரி மட்டும்தான் காதில் விழுந்தது. உடனே உட்கார்ந்து எழுதி, வாசித்தும் காட்டினேன்:

லாரியின் ஹாரன் அலற, கார் மெல்ல மெல்லப் பின்னால் உருள, கண்ணாடி நொறு

படாரென்று கால் இறங்கியது.

"எதுக்குங்க இப்ப லாரியில மோத விடறீங்க?"

"கதைன்னா ஏதாவது நடக்கணும்ல?"

"நடந்துச்சே! அதைத்தானே வாய் வலிக்கச் சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க?"

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்க சிக்னல்ல பச்சை விழுந்து வண்டிங்க நகர்ந்துச்சு. லாரிக்காரன் ஹாரன்ல வச்ச கையை எடுக்கவே இல்ல. இப்ப ஸாரி வரும்னு நான் பார்த்துட்டு இருக்கேன். அக்கா கண்ணாடியைப் பார்த்து, 'இருய்யா, வரேன்ல! பறக்கவா முடியும்?'னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க! ஹேண்ட்பிரேக்கை விட்டாங்க. வண்டி ஒரு இம்மி பின்னால போகல. பூ மாதிரி ஏறிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பாலத்துல இறங்கறோம். நான் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துட்டு வரேன். ஒரு மொட்டை மாடியில சட்டை ஒன்னு ஒத்தை கிளிப்புல ஆடுது. விழுமா விழாதான்னு அதையே பார்க்கறேன். திடீர்னு சுரீர்னுச்சு. என் கால் எங்க? குனிஞ்சா, வீட்டு சோபாவுல மாதிரி காலை மடிச்சு உட்கார்ந்திருக்கேங்க! பிரேக் அனாதையா கிடக்கு. எப்ப எடுத்தேன்னே தெரியல."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஏய், அழறியா?"

"போங்க. சந்தோஷங்க. இத்தனை வருஷமா எத்தனையோ பேர் பாஸ் ஆகியிருக்காங்க. ஆனா என் கால் தானா எந்திரிச்சது இதுதான் முதல் தடவை."

"அக்காகிட்ட சொன்னியா?"

"சொன்னா ஸாரி சொல்லுவாங்க."

வகுப்பு முடிந்து காரை விட்டு இறங்கும்போது யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்ததாம் அவளுக்கு. அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். அக்கா திருப்பிச் சொல்ல, இவள் மறுபடி சொல்ல, என்ன தகராறோ என்று டிரைவிங் ஸ்கூல் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தாராம்.

அந்த முகத்தோடு ஒருத்தி வீடு திரும்பியிருக்கும்போது கண்ணாடியை நொறுக்கப் பார்த்தேனே, என்னை எதில் சேர்ப்பது? நல்ல நாளை எழுத எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போதுதான் பழகுகிறேன், நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

5

இதை எழுதும் இந்த நேரத்தில் டெஸ்ட் நடந்துகொண்டிருக்கிறது. என் மனைவியும் கூடப் போயிருக்கிறாள்; ஆனால் இன்று மைதானத்துக்கு வெளியேதான் நிற்க முடியும். வாடகைக்கு எடுத்தது போல் சில முடிவுகள் என் கைவசம் இருக்கின்றன.

பாஸ். ஸாரி அக்கா காரைத் தடவிக் கொடுக்கிறாள், பின்னணியில் வயலின். (ஐயோ.)

ஃபெயில். (கனமான முடிவு என்பார்கள். எனக்கு மனசு வரவில்லை.)

டெஸ்ட் தள்ளிவைக்கப்பட்ட (சீ, கோழை.)

காலையில் செருப்பு மாட்டும்போது மனைவியிடமே கேட்டேன், "முடிவு என்னன்னு எழுதட்டும்?"

"ரிசல்ட் எப்படி வேணா வரட்டுங்க. நேத்து நடந்தது நடந்ததுதான். அதை எவனாலும் ரிவர்ஸ் எடுக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டுப் படபடவென்று படியிறங்கிப் போனாள். அவளுக்கும் பயம்தான்.

6

போன் அடிக்கிறது. மேசை ஓரத்தில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில். திரையில் அவள் பெயர்.

அந்த அக்காவுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டுமே என்று இருக்கிறது. மேசைக்கடியில் குனிந்து பார்க்கிறேன்: என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது, விரலெல்லாம் வெளுத்துப்போய்.

எடுக்கிறேன். போனை இல்லை, காலைச் சொல்கிறேன். எடுத்து, மடித்து, உட்கார்ந்துகொண்டேன்.

போனை நீங்கள் எடுங்கள்.