மூணாவது குண்டு

செத்த புலியை உயிரோடு எழுப்பிய ஆள் காரைக்கால் பிராந்தியத்திலேயே தான் ஒருத்திதான் என்பாள் நெடுங்காடு லோகாம்பாள். சும்மா செத்த புலி இல்லை. நெற்றியில் குண்டு பாய்ந்து, மாட்டு வண்டியில் ஊர்வலம் போய், தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, சுவரில் ஆணியடித்து மாட்டிய புலி. அதை இறக்கி, நாலு காலில் நிற்கவைத்து, காட்டுக்குள் நடத்தி அனுப்பினாள். மந்திரம் போடவில்லை, மை தடவவில்லை. ஒரு இன்லண்ட் கடுதாசி போட்டாள், அவ்வளவுதான்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நடந்தது எழுபத்தொன்பதாம் வருஷம், புரட்டாசியில் ஆரம்பித்தது.

நெடுங்காட்டுக்குப் பெயரில்தான் காடு உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வாய்க்கால், வரப்பு. இருக்கிறதிலேயே கொடிய மிருகம் நரி. அதுவும் நண்டு தின்கிற நரி. அப்படிப்பட்ட ஊரில் லோகாம்பாளுக்கு எந்தத் துப்பாக்கியில் எத்தனை தோட்டா, காற்று எந்தப் பக்கம் அடித்தால் புலிக்கு மனித வாடை எட்டும், பரண் எத்தனை அடி உயரத்தில் கட்டினால் உயிர் மிஞ்சும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். வாழ்நாளில் அவள் கையில் பிடித்த ஒரே ஆயுதம் கதிர் அரிவாள்.

எல்லாம் வேங்கைவனம் கொடுத்த ஞானம். வேங்கைவனம் என்பது வேட்டைக் கதை எழுதுகிற ஒருவரின் புனைபெயர். லோகாம்பாள் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் படித்தவள். படிப்பகத்தில் கீழ்த்தட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்ததால் அவருடைய புத்தகத்தை எடுத்தாள். எடுத்தது ஒரு சாயங்காலம். கீழே வைக்க எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் வைக்கவில்லை. அந்தத் தட்டில் அவர் புத்தகம் பதினொன்று. ஒவ்வொன்றையும் அவள் இருபது தடவையாவது படித்திருப்பாள். நூறு என்று அவள் சொல்வாள். நாம் ஐம்பது என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கு மேல், வியாழக்கிழமை தோறும் காரைக்கால் பஸ்ஸில் வந்து இறங்குகிற வாரப் பத்திரிகையில் அவர் தொடர்கதை. வியாழன் படிப்பாள். வெள்ளிக்கிழமை வயலில் சொல்வாள். லோகாம்பாள் நடவு ஆட்களுக்குத் தலைவி. அவளுக்குக் கீழே பதின்மூன்று பெண்கள். மற்ற ஊரில் நடவுப் பாட்டு கேட்கும் நேரத்தில் நெடுங்காட்டில் புலி உறுமும். அவள் வாயால் துப்பாக்கி வெடித்தால் பக்கத்து ஊர் சுரக்குடியில் நாய் குலைக்கும். துரத்துகிற கட்டத்தில் பதின்மூன்று பேர் கையும் மிஷின் மாதிரி நாற்றை ஊன்றும். புலி பாய்கிற கட்டத்தில் அத்தனை கையும் அந்தரத்தில் நிற்கும். நிலத்துக்காரர்கள், "துரத்துற இடமாப் பாத்துச் சொல்லு, லோகாம்பா" என்று கேட்டுக்கொள்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நட்டது சோமசேகரன் வயல். விவசாய இலாகாவில் குமாஸ்தா. படிப்பகத்துக்கும் அவர்தான் புதுச் செயலாளர். பக்கத்து வயல் பூமிநாதனுடையது, உழுது சேறடித்துத் தயாராகக் கிடந்தது. முதல் நாள் மழையில் நடு வரப்பு கரைந்து சேற்றோடு சேறாகியிருந்தது. நடவு என்பது குனிந்தபடி பின்னுக்குப் பின்னாக நகர்கிற வேலை. கதையிலோ ஆட்கொல்லிப் புலி மூங்கில் புதருக்குள் வேங்கைவனத்துக்குப் பின்னாலேயே வருகிறது.

"திரும்பிப் பாக்கச் சொல்லுக்கா!" என்று கத்தினாள் அமிர்தம். குழுவிலேயே இளையவள், பயந்தவளும் அவள்தான்.

"திரும்புனா செத்தான். புலி கண்ணைப் பாக்கக்கூடாது. நடு, நடு!"

யாரும் திரும்பவில்லை. புலி ஒருவழியாகச் சுடப்பட்டு விழுந்தபோது பதினாலு பேரும் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்கள். பார்த்தால், நிற்பது பூமிநாதன் வயலின் நட்ட நடுவில். சோமசேகரனின் நாற்று அரை மா அளவுக்கு அங்கே ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தது.

பூமிநாதன் வரப்பில் நின்று, "அடுத்த வாரமும் புலி வருமா?" என்று கேட்டாராம்.

மறுநாள் விடிந்ததும் பதினாலு பேரும் போய், ஊன்றியதைப் பிடுங்கி, உரிய வயலில் கூலி இல்லாமல் நட்டுக்கொடுத்தார்கள். நாற்று பிழைத்தது. சோமசேகரனுக்குத்தான் ஆறவில்லை. சாயங்காலம் படிப்பகத்துக்கு லோகாம்பாளைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினாலு பேரும் போனார்கள். உள்ளே அரசப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய்வந்த பென்ஷன்காரர்; ஊருக்கு அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம்.

"தீபாவளிக்குள்ள இந்தக் கீழ்த்தட்டு காலி," என்றார் சோமசேகரன். "பதினோரு புஸ்தகமும் பழைய பேப்பர் கடைக்கு. அந்தப் பத்திரிகையும் நிறுத்தம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குப் பொது அறிவுப் புஸ்தகம் வாங்கப்போறேன்."

"வாங்குங்க. மேல்தட்டு காலியாத்தான இருக்கு?"

"இது எதுக்குன்னு கேக்குறேன். ஒரு முயலைக்கூடச் சுடாத ஊரு. அந்தாளு சொல்றது பூரா வெள்ளைக்காரன் காலத்துக் கதை. இப்பப் புலியைச் சுட்டா ஜெயிலு. நாத்து நடுறவளுக்குத் துப்பாக்கி எதுக்கு?"

லோகாம்பாள் இடுப்பில் கைவைத்தாள். "ஆறு மணியிலேருந்து மண்ணையே பாத்துக் குனிஞ்சு கெடக்குறோமுங்க. ஒருநாளாவது நிமிர்ந்து நின்னு, ஒத்தைக் கண்ணை மூடி, குறி பாக்கணும்னு இருக்காதா? அந்தாளு கதையைப் படிக்கப் படிக்க நாங்க நிமிர்ந்து நிக்கிறோம். அதை எந்தப் பேப்பர் கடையில போடுவீங்க?"

"அத்தனையும் புளுகு!"

"வேங்கைவனம் எழுதுனா ஒரு எழுத்து புளுகு இருக்காது."

"அப்படியா?" சோமசேகரன் முந்தாநாள் வந்த பத்திரிகையை எடுத்தார். கிண்டலுக்காக, நாடகக்காரன் மாதிரி குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். முதல் வெடி, மூங்கில் சிதறியது. இரண்டாவது வெடி, புற்று தூளானது. புலி பத்தடியில். கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் விசையை அழுத்தினேன், நெற்றியில் பாய்ந்தது, மலை சரிந்தது போல் விழுந்தது.

லோகாம்பாள் முகம் மாறியது. நேற்று இதையே அவள் வாயால் சொன்னவள்தான், ஓட்டத்தில் தெரியவில்லை. நாற்று முடியைக் கட்டுக் கட்டாக எண்ணிப் பழகிய விரல்கள் இப்போது தாமாக மடங்கின. ஒன்று. இரண்டு. மூன்றாவது விரல் மடங்க மறுத்தது.

"சொல்தாய்யா, அவரு ரெட்டைக்குழல் துப்பாக்கியில எத்தனை தோட்டாங்க?"

"ரெண்டு," என்றார் அரசப்பன், பேப்பரை இறக்காமலே. "அப்புறம் குழலை மடக்கித் தொறந்து, காலித் தோட்டாவை உருவி, புதுசு போடணும். பத்தடியில புலி இருந்தா அது போட விடாது."

சோமசேகரனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! நாற்காலியை விட்டு இரண்டடி எழும்பினார். "மாட்டுனாரா உங்காளு? நான் சொல்லல? ஒரு எழுத்துகூடப் புளுகு இருக்காதாம்!"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லோகாம்பாள் குனியவில்லை. நெஞ்சில் வைத்திருந்த மனுஷன் கண் முன்னால் வழுக்கி விழுந்துவிட்டார். ஆனால் வாய் வேறு பேசியது.

"சரி, தப்புதான். அப்படின்னா புலி சாகலை. அவருக்கு எழுதுறேன். எழுப்பிவுடச் சொல்றேன்."

"செத்த புலியையா? எந்த எழுத்தாளன் தப்பை ஒத்துக்குவான்? உன் கடுதாசி குப்பைக்குப் போகும்."

"எழுந்துடுச்சுன்னா?"

"எழுந்துடுச்சுன்னா அலமாரி உனக்கு! பத்திரிகையும் வரும். வியாழக்கிழமை நானே உக்காந்து உங்களுக்குப் படிக்கிறேன். எழலைன்னா, தீபாவளிக்கு முந்தின வியாழன் நீயே மூட்டை கட்டி பஸ்ஸுல ஏத்தணும்."

"எழுதிக்கிட்டீங்களா, சொல்தாய்யா?" என்றாள் லோகாம்பாள். அரசப்பன் பேப்பர் ஓரத்தில் உண்மையாகவே எழுதிக்கொண்டார்.

கடுதாசி இப்படிப் போனது:

"வேங்கைவனம் ஐயா அவர்களுக்கு, நெடுங்காடு நடவு ஆட்கள் பதினாலு பேர் எழுதிக்கொண்டது. எட்டு வருஷமாக உங்களைப் படிக்கிறோம். படிக்கத் தெரியாதவர்கள் கேட்கிறோம். உங்கள் துப்பாக்கிக்கு ரெண்டு குழல் என்று முதல் வாரத்தில் நீங்களே எழுதினீர்கள். ஒரு குண்டு மூங்கிலில், ஒரு குண்டு புற்றில். அப்படியானால் புலி நெற்றியில் பாய்ந்தது யார் குண்டு? எங்கள் கணக்கில் புலி சாகவில்லை. தயவுசெய்து எழுப்பிவிடவும். வேறு யார் எழுதினாலும் விட்டிருப்போம். உங்களைப் பிடிக்கும், அதனால் விடமாட்டோம்."

கீழே நாலு கையெழுத்து, பத்துக் கைநாட்டு. மடிக்க இடமில்லாமல் இன்லண்ட் ஓரமெல்லாம் நீல மை.

அடுத்த வியாழன் பத்திரிகை வந்தது. புலியை மாட்டு வண்டியில் ஏற்றி, மேளம் கொட்டி ஊர்வலம் விட்டிருந்தார் வேங்கைவனம். அதற்கடுத்த வியாழன் தோலை உரித்து உப்புத் தடவினார். "நல்லா எழுந்திரிச்சுது போ," என்றார் சோமசேகரன். மூன்றாவது வியாழன் தோலைச் சுவரில் அடித்து, பக்கத்தில் நின்று போட்டோ வேறு. வாரத்துக்கு வாரம் அந்தப் புலி முன்னைவிட அதிகமாகச் செத்துக்கொண்டே போனது. சோமசேகரன் அன்றைக்கே இரண்டு சாக்கு கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தார். இன்னும் ஒரு வியாழன்தான் பாக்கி.

வயலில் கதை நின்றது. "கட்டிக் குடுத்துடுவமா அக்கா?" என்று அமிர்தம் கேட்டதற்கு லோகாம்பாள், "ஒரு புஸ்தகத்தை நான் தொட்டு சாக்குல போட்டேன்னா இந்தக் கை நாத்து தொடாது. அவரு எழுப்பலைன்னா நான் மெட்ராசுக்குப் போயி அவரையே எழுப்புவேன்," என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

கடைசி வியாழன். நாலு மணிக்கே பதினாலு பேரும் சேற்றுக்காலோடு படிப்பகத்து வாசலில் நின்றார்கள். பஸ் வந்தது, கட்டு இறங்கியது. சோமசேகரன் பத்திரிகையைப் பிரித்து, முதலில் தனக்குள் படித்தார். சாக்கை எடுக்க நீண்ட கை பாதியில் நின்றது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார்.

"சத்தமாப் படிங்க," என்றார் அரசப்பன்.

சோமசேகரன் படித்தார். இந்தத் தடவை குரலில் நாடகம் இல்லை.

"'வாசகர்களே, நெடுங்காடு என்ற ஊரிலிருந்து பதினாலு பெண்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது குண்டு யாருடையது? அப்படி ஒரு குண்டே இல்லை. நாற்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். கலெக்டர்கள் கேட்டார்கள், ஜமீன்தார்கள் கேட்டார்கள், ஒருவரும் எண்ணவில்லை. இவர்கள் எண்ணிவிட்டார்கள். இனி உண்மையைச் சொல்கிறேன். இரண்டு குண்டும் வீணானபின் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மரத்தில் ஏறினேன். புலி அடியில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நான் மேலே அழுதுகொண்டிருந்தேன். பொழுது சாய எழுந்தது. என்னை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. மூங்கிலுக்குள் நடந்து போயிற்று. சுவரில் இருக்கும் தோல் விலைக்கு வாங்கியது...'"

மேலே படிக்க முடியாதபடி கூச்சல். அமிர்தம் குதித்த குதியில் படிப்பகத்து ஓடு ஒன்று நகர்ந்தது. மூன்று என்று லோகாம்பாள் சொல்வாள்.

"பொறு, பொறு!" சோமசேகரன் மேஜையைத் தட்டினார். "நான் சொன்னதுதானே சரி? நாப்பது வருஷப் புளுகுன்னு அந்தாளே எழுதியிருக்காரு!"

"புளுகுதாங்க," என்றாள் லோகாம்பாள். கண்ணில் தண்ணீர் நின்றது. குரல் மட்டும் இறங்கவில்லை. "மரத்து மேல அழுதேன்னு எழுதுறாரே, எந்த ஆம்பளை எழுதுவான்? இன்னிக்குத்தான் அவரு பெரிய வேட்டைக்காரரு. அது கெடக்கட்டும். நீங்க கேட்டது வேற. புலி கெடக்கா, எழுந்துடுச்சா?"

"அதாவது, தோலு வேற புலியோடதுன்னா..."

"கெடக்கா, எழுந்துடுச்சா?"

"அச்சுல என்ன வேணா போடலாம், லோகாம்பா..."

பதினாலு பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அரசப்பன் பேப்பர் ஓரத்தில் எழுதியிருந்ததை சோமசேகரன் மூக்குக்கு நேரே நீட்டினார். சோமசேகரன் அதைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், புலி நடந்து போன வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு இரண்டு சாக்கையும் மடித்து நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"எழுந்துடுச்சுதான்," என்றார். "எழுந்து நடந்தே போயிடுச்சு. என் வாயாலயே படிச்சேனே, இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"