எவெர்ட்டின் பழைய ரைஃபிள்

...துப்பாக்கிக் கட்டையில் கன்னம் பதியும் அவ்விடம் மட்டும் ஏன் இத்துணை வழவழப்பு, எத்தனை இலையுதிர்காலம் ஒருவன் முகத்தைச் சாய்த்துச் சாய்த்து மரத்தைத் தோலாக்கியிருப்பான், அந்தத் தேய்வின்மேல் இப்போது கிடப்பது தன் கன்னமல்லவா என்று எண்ணியதும் குன்வோருக்கு உடல் கூசிற்று. ஆயினும் முகத்தை எடுக்கவில்லை. விடிந்தும் விடியாத வானம், சதுப்பின்மேல் பால்போல் மூடுபனி, ஈரம் குடித்த கட்டையிலிருந்து எழும் ஆளிவிதை எண்ணெயின் மணம்... எவெர்ட்டின் மணம். அவன் தேய்த்த எண்ணெய், அவன் பிடித்த பிடி, அவன் சுட்ட துப்பாக்கி. இதிலிருந்து புறப்பட்ட குண்டுதான் அவள் கணவன் ஹெல்மரைத் தைத்தது. வழக்கு முடிந்து, எவெர்ட்டின் உரிமத்தைப் பறித்து, ஆயுதங்களை விற்கச் சொன்ன பிறகு, நகரத்துத் துப்பாக்கிக் கடையில், பழையவற்றை நிறுத்தும் கடைசி வரிசையில் இது நின்றது. "இது கிழம்மா, தொலைநோக்கிகூட மாட்ட முடியாது, மழையில கட்டை ஊதிப்போனா குறி இடப்பக்கம் இழுக்கும், உங்க கைக்கு நீளமும் ஜாஸ்தி. வாங்கித்தான் ஆகணும்னா கட்டையையாவது வெட்டித் தரட்டுமா?" என்றான் கடைக்காரன். வெட்ட வேண்டாம் என்றாள். இன்னொருவன் தோளில் இது ஏறலாகாது, அதற்காகவே வாங்குகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மெய்தானா? அப்படியானால் ஏரியில் எறிந்திருக்கலாமே, ஆண்டுதோறும் மூஸ் மான் வேட்டைக்கு ஏன் தோளில் சுமக்கிறாய், குன்வோர்? வெறுப்பையும் துப்பாக்கியைப்போல் துடைத்து எண்ணெயிட்டுக்கொண்டே இருந்தால்தான் துருவேறாது என்றா?

இன்று நண்பகல், நெருப்பைச் சுற்றி அமர்ந்து காப்பி குடிக்கும் வேளையில், அவள் ஒரு சொல் சொல்ல வேண்டும். எவெர்ட்டுக்கு உரிமம் திரும்பக் கிடைத்துவிட்டது. வேட்டைக்குழுவில் மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறான். குழுத்தலைவன் சிக்ஸ்டென் வீட்டு வாசலில் நின்று, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "உன் வாய்ச்சொல்லுதான் குன்வோர், நீ வேண்டாம்னா வேண்டாம், ஒருத்தரும் மறுபேச்சு பேச மாட்டோம்," என்றான். அன்றே சொல்லியிருப்பாள். எல்லோர் முன்னிலும், எவெர்ட்டின் செவிக்கு எட்டும் என்று தெரிந்தே சொல்ல வேண்டும் என்பதற்காக வைத்திருந்தாள். வேண்டாம். எத்தனை எளிய சொல், நாவின்மேல் உப்புக்கல்போல் இருக்கிறது, கரையாமல்.

ஆனால் இந்த ஏழாம் நிலை... இங்கே அவள் இதுவரை நின்றதில்லை. யார் எங்கே நிற்பது என்பதைக் காலையில் குல்லாவுக்குள் கைவிட்டு எண் எடுத்தே முடிவு செய்வார்கள். நின்ற இடத்திலிருந்து, வேட்டை முடிந்தது என்று வானொலிக் கருவி சொல்லும்வரை, ஓரடியும் பெயரக் கூடாது, கடவுளே வந்து அழைத்தாலும். ஹெல்மர் போனபின் அவன் இடத்துக்கு அவள் வந்தாள். வந்ததிலிருந்து ஏழு அவள் கைக்கு வந்ததேயில்லை. சீட்டின் விளையாட்டு என்றிருந்தாள். இன்று சிக்ஸ்டென் நாயோடு முன்னே போய்விட, புதிதாய்ச் சேர்ந்த மைவோர் குல்லாவை நீட்டினாள், ஏழு வந்தது, உடனே அனைவரும் காப்பிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டார்கள். ஏன் பார்த்தார்கள்? எவெர்ட் அன்று நின்றது இங்கே என்பதாலா? அது அவளுக்கும் தெரியுமே. அதற்கா அத்தனை மௌனம்?

மெல்லத் துப்பாக்கியை உயர்த்தினாள். அவன் நின்றதுபோல் நின்று, அவன் பார்த்ததுபோல் பார்ப்போம். ஹெல்மர் நின்றது எட்டாம் நிலை... எட்டு எங்கே? தலையை மட்டும் திருப்பித் தேடினாள். வலப்புறம் சாம்பல் நிறப் பாறைமுகடு, அதன்மேல் ஊசியிலை மரங்கள் நெருக்கமாய். எட்டாம் நிலையின் சிவப்புத் துணிப்பட்டை முகட்டுக்கு அப்பால், மறுசரிவில். இங்கிருந்து தெரியாது. மீண்டும் பார்த்தாள். தெரியவில்லை. குண்டு பாறைக்குள் புகுந்து போகுமா? திறந்திருப்பது ஒரே ஒரு பக்கம்: சதுப்பின் ஓரம், ஆல்டர் புதர்கள் பழுப்பேறி நிற்கும் அந்த வாய். ஹெல்மர் அங்கே இருந்திருந்தால் மட்டுமே... சே, அங்கே அவனுக்கு என்ன வேலை? தேவாலயத்தில் அவள் கண்டது கழுவிய முகத்தை மட்டும். எங்கே கிடந்தான் என்று எவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போகவில்லை, அங்கிருந்து வந்த உறைகளைப் பிரிக்காமல் அடுப்பிலிட்டாள். தன் நிலையில் காவலாய் நின்றவாறே கர்த்தரால் அழைக்கப்பட்டான் என்றார் பாதிரியார். அப்போது ஆண்கள் அத்தனை பேரும் தலைகுனிந்தார்களே, துயரம் என்றல்லவா நினைத்தாள்? எவெர்ட் விசாரணையில் சொன்னதாக ஊர் சொன்னது ஒன்றே: நான் சரியாகப் பார்க்கவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

போயிருப்பான். ஐயோ, நிலையை விட்டு ஹெல்மர் போயிருப்பான்தான். அந்த இரட்டைக்குழல்... ஒரு பண்ணை ஏலத்தில் இருவருமாய் வாங்கியது, பக்கத்தகட்டில் காட்டுக்கோழி செதுக்கிய கிழட்டுத் துப்பாக்கி, அவன் தயங்க, கையை உயர்த்தியவள் அவளே. பறவைக்கு நல்லது. மூஸுக்கென்று ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டால் நாற்பது மீட்டர்வரை நேராய்ப் போகும், அதற்குமேல் கல்லெறிதான். ரைஃபிள் ஒன்று வாங்கேன் என்றால் சிரிப்பான்: "இவ கிட்டப் போனாத்தான் பேசுவா, குன்வோர். உன்னை மாதிரி." அவளும் சிரித்தாள். நிலையை விட்டு ஊர்ந்து போன கதைகளை இரவுணவில் ரகசியம்போல் சொல்வான், சிக்ஸ்டெனுக்குத் தெரிந்தால் தோலை உரிப்பான் என்பான், அதற்கும் சிரித்தாள். சிரித்தவளுக்குத் தெரியாதா? தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ள மனத்துக்குள் எங்கே இடம் இருந்தது?

நாய் குரைத்தது, தொலைவில், பிறகு அருகில். புதர் அசைந்தது. பழுப்பு. விரல் தானே காப்புவிசையைத் தள்ளிற்று, இது எவெர்ட்டின் விரலா தன் விரலா... குழல் முனையிலுள்ள முன்குறியின் மணி அந்தப் பழுப்பை முழுவதும் மறைத்தது. பனிநீர் இமையில். மூஸா? மேலங்கி போட்ட முதுகா? அடையாளத்துக்குத் தலையில் செம்மஞ்சள் பட்டை கட்டிய வேட்டைக்காரனும் குனிந்து ஊர்ந்தால் பட்டை இலைக்குள் போகும், முதுகுதான் மிஞ்சும். இப்போதும் முதுகு மட்டுமே தெரிகிறது. காத்திரு. காத்திருக்க அவனாலும் முடிந்திருக்கும். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. காத்திருக்கவில்லை, அது குற்றம், அதை எவர் வந்தும் கழுவ முடியாது. காது தெரிந்தது, நீண்ட மூக்கு தெரிந்தது, பெண் மூஸ், பின்னால் கன்று. விரலை எடுத்தாள். இரண்டும் சதுப்பைக் கடந்து பனிக்குள் கரைந்தன.

வேட்டை முடிந்தது என்று கருவி கரகரத்தது. முகட்டைச் சுற்றிச் சிக்ஸ்டென் வந்தான், நாயின் நாக்கு தொங்க, அவன் மீசையில் நீர் சொட்ட.

"ஒண்ணும் வரலையா?"

"தாயும் கன்னும் வந்துச்சு. சுடல."

"நல்லதாப் போச்சு. அந்தக் கிழத்தை வச்சுக்கிட்டு அந்தத் தூரத்துல மரத்தைத்தான் வீழ்த்துவே." சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். "ஏழாம் எண்ணை மைவோர் உள்ள போட்டுட்டாளாமே. சொல்ல மறந்துட்டேன்."

"இத்தனை வருஷமும் நீதான் எடுத்து வச்சியா?"

அவன் உதட்டுக்குள் புகையிலைப்பொடியை ஒதுக்கினான்.

"ஹெல்மர் எங்க கிடந்தான், சிக்ஸ்டென்?"

"அந்தப் புதர் ஓரம்."

"எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும். நீ கேட்கல... கேட்டிருந்தா சொல்லியிருப்போம். எவெர்ட்தான் வேண்டாம்னான். அவ என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும், விட்டுடுங்கடா, அதுவாவது அவளுக்கு ஒரு பிடிப்புன்னான்." நாயின் கழுத்தைச் சொறிந்தான். "மேல காத்துக்கிட்டிருக்காங்க. நான் சொல்லவா, நீயே சொல்றியா? வேண்டாம்னாலும் சரிதான். இன்னமும் அப்படித்தான்."

போல்ட்டைப் பின்னிழுத்தாள், தோட்டாக்கள் ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் விழுந்தன. அந்தச் சொல் இன்னும் நாவின்மேல்தான் இருந்தது, சற்றும் கரையாமல். ஆனால் அதை எவெர்ட்டின் முகத்தில் பொருத்திப் பார்த்தால் நிற்கவில்லை, வழுக்கிற்று. வரட்டும் என்று சொன்னால், அவன் இத்தனை காலம் நின்றுகொண்டிருந்த அந்த இடம் காலியாகும், அங்கே வேறொருவன் வந்து நிற்பான், சேறு படிந்த முழங்காலோடு, சிரித்தபடி... துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள், முகட்டின்மேல் ஏறுகையில் பாதி வழியில்தான் தெரிந்தது, ஹெல்மர்மேல் அவள் இன்றுவரை ஒருநாளும் கோபப்பட்டதேயில்லை என்று.