ஒரு முழு மந்தி

ஷார்ஜா ரோலா பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஆப்கானிக் கடை வாசலில், போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு அன்பரசன் பேசிக்கொண்டிருந்தான். பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடியது.

"அம்மா, இன்னைக்கு ஆப்கானிஸ்தான்காரங்க கடையில சாப்பிட்டேன். சோத்துல கேரட்டும் உலர்ந்த திராட்சையும் போட்டிருந்தாங்க. ரொட்டி என் முழங்கை நீளம் இருக்கு. வயித்துக்கு ஒண்ணும் பண்ணல."

அனுப்புமுன் இரண்டு தடவை படித்துப் பார்த்தான். பட்ட பாடு அப்படி. போன வாரம் அவன் அரபி ரொட்டியைக் குப்பூஸ் என்று சொன்னதைப் போன் வேறு மாதிரி காதில் வாங்கிக்கொண்டு, 'காலையில ரெண்டு குப்பை சாப்பிட்டேன்' என்று குடும்பக் குழுவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. அப்பா கார்மேகம் உடனே போன் போட்டு, "ஏன்டா, சம்பளம் போடலையா?" என்று கேட்டார்.

குரலாகவே பதிந்து அனுப்பிவிடலாம்தான். அம்மா நாகவள்ளிக்கு அது ஆகாது. 'ஒரு தடவ கேட்டா முடிஞ்சுபோச்சு. எழுத்துன்னா வெச்சு வெச்சுப் படிக்கலாம்' என்பாள். அன்பரசனுக்கோ தமிழில் தட்டச்சுப் பண்ண வராது. அதனால் தினமும் தெருவில் நின்று போனோடு பேசுகிறான்.

இத்தனை நாளும் இந்தப் பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஷார்ஜாவுக்கு வந்து மூன்று வருடமாக ஏசி மெயின்டனன்ஸ் கம்பெனியில் வேலை. 'சாப்பிட்டியா?', 'சாப்பிட்டேன்', அத்தோடு சரி. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் எல்லாம் மாறியது.

பெண் விஜி. மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். படிப்பில் பாதியும் வேலை முழுவதும் ஹாஸ்டலிலேயே கழிந்ததால் அடுப்புப் பக்கம் போனதில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. முதல் தடவை போனில் பேசும்போதே, "எனக்குச் சமைக்க வராதுங்க. கத்துக்கணும்னு ஆசையும் இல்ல. அங்க வந்து வேலைக்குப் போவேன், உங்களுக்குச் சரியா?" என்று கேட்டாள். "சரிங்க, சரிங்க" என்று மூன்று தடவை சொன்னான் அன்பரசன்.

நாகவள்ளிக்கு அது சரியாக இல்லை. "ஆவணியில கல்யாணம். நீ லீவு முடிஞ்சு கெளம்பு. அவ தை வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். ஒரு கொழம்பு, ஒரு பொரியல் படிச்சுக் குடுத்துத்தான் ஏத்தி விடுவேன். சோத்துக்கு என்னடா பண்ணுவீக?"

விஜி கோபப்படவில்லை. "அத்த பாசமாத்தான் சொல்றாங்க, புரியுது. ஆனா தை வரைக்கும் அடுப்படியில நிக்கிறதுக்கா நான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன்? உங்ககூட வரணும்னுதான். நீங்களே உங்க அம்மாகிட்ட பேசுங்க."

நேராகப் பேசும் துணிச்சல் அவனுக்கு இல்லை. அம்மாவிடம் 'வேணாம்மா' என்று சொல்ல வாயெடுத்தாலும் 'சரிம்மா' என்று முடிக்கும் ஆள். சுற்றுவழி ஒன்றைப் பிடித்தான். இந்த ஊரில் சமைக்காமலே ராஜா மாதிரி சாப்பிடலாம் என்று அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியவைப்பது. அதற்காகத்தான் இந்தக் கடைச் சுற்று.

கூட்டாளி ஃபாரூக். கீழக்கரைக்காரன், அதே அறையில் மேல் கட்டில், ரோலாவில் அத்தர் கடையில் வேலை. வாசனை பிடித்தே எந்தக் கடையில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்வான். அவனைப் பிடித்துக்கொண்டு அன்பரசன் ஒரு சுற்றுச் சுற்றினான். பாகிஸ்தான்காரர் கடையில் ராத்திரியெல்லாம் வெந்த மாட்டுக்கால் குழம்பை ஃபாரூக் உறிஞ்ச, இவன் பருப்பும் தந்தூரி ரொட்டியும் வாங்கிக்கொண்டான். எகிப்துக்காரர் கடையில் சோறு, பருப்பு, மக்ரோனி மூன்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு மேலே வெங்காயத்தைப் பொரித்துத் தூவிக் கொடுத்தார்கள். "மிச்சம் மீதியெல்லாம் ஒண்ணாக் கொட்டிட்டானுகளோ" என்று பயந்து பயந்து தின்றவன், இரண்டாவது கிண்ணமும் கேட்டான். பிலிப்பைன்ஸ் கடையில் புளிப்பாக ஒரு சாறு. கோழிக்கோட்டுக்காரர் கடையில் தேங்காய் அரைத்த மீன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மெட்ரோ மாறி துபாய் கராமாவுக்கே போய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டு வந்தார்கள்.

ஒவ்வொன்றுக்கும் குழுவில் ஒரு செய்தி. ஒவ்வொன்றுக்கும் நாகவள்ளியின் பதில் ஒன்றே: "அது சரி, வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா?"

"மச்சான், நீ சின்னச் சின்னக் கடையாக் காட்டுற. அதான் அம்மா மடங்க மாட்டேங்கிறாக" என்றான் ஃபாரூக். "பெரிய தட்டா ஒண்ணு காட்டணும். வா, யல்லா."

வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து குளித்து இருவரும் ஏமன்காரர் கடைக்குப் போனார்கள். நாற்காலி கிடையாது. தரையில் கம்பளம், திண்டு, நடுவில் பிளாஸ்டிக் விரிப்பு. வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு தட்டு வந்து இறங்கியது. மஞ்சளும் வெள்ளையுமாக நீளநீளச் சோறு, அதன்மேல் ஆட்டுத் தொடை. கை வைத்ததும் கறி எலும்பை விட்டுக் கழன்றது. அன்பரசன் கவலையெல்லாம் மறந்து தின்றான். எழுந்திருக்க முடியாமல் திண்டில் சாய்ந்தபடியே போனை எடுத்தான்.

"அம்மா, இன்னைக்கு நானும் ஃபாரூக்கும் ஒரு முழு மந்தி சாப்பிட்டோம். பெரிய தட்டுல வெச்சுக் குடுத்தாங்க. தரையில உக்காந்து கையால பிச்சுப் பிச்சுத் தின்னோம். தொடைக்கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு. விஜி வந்ததும் வாராவாரம் மந்திதான்."

இரண்டு தடவை படித்துப் பார்த்தான். போன் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நிம்மதியாக அனுப்பிவிட்டான்.

விடிகாலையில் கம்பெனி வண்டிக்காகத் தெருமுனையில் நிற்கும்போது போன் அடித்தது. நாகவள்ளி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடா சொல்ற? மந்தியத் தின்னியா?"

"ஆமாம்மா. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா! பொட்டக் கொரங்கப் பிச்சுத் தின்னுட்டு நல்லா இருந்துச்சுங்கிற! சனிக்கெழம அதுவுமா காலையில எந்திரிச்சு இதையா நான் படிக்கணும்? உங்கப்பா மூணு தடவ படிச்சுப் பாத்தாக. மந்தின்னுதான் இருக்குங்கிறாக."

அன்பரசனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அய்யோ அம்மா, அது கொரங்கு இல்ல! மந்திங்கிறது சோறு. இங்க அதுக்கு அப்படித்தான் பேரு."

"சோத்துக்கு எங்கடா தொட இருக்கு? நீதான எழுதியிருக்க, தொடைக்கறின்னு?"

"அது ஆடும்மா!"

"ஆடுன்னா ஆடுன்னு எழுத வேண்டியதான!"

பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற ஃபாரூக் போனை வாங்கினான். "அம்மா, நான் ஃபாரூக் பேசுறேன். சத்தியமா ஆட்டுக்கறிதாம்மா."

"நீ பேசாத. போன மாசம் என் மயன் ஒட்டகத்த முழுசா முழுங்கிட்டான்னு சொன்னவன்தான நீ? உன் பேச்ச எவ நம்புவா?"

அந்த விளையாட்டை நினைத்து ஃபாரூக் நாக்கைக் கடித்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

நாகவள்ளி மூக்கைச் சிந்தினாள். பிறகு வந்த குரல் அழுகையைவிட மோசமாக இருந்தது, அவ்வளவு அமைதி. "இந்தா பாருய்யா. ஆடோ கொரங்கோ, கண்ட எடத்துல தின்னு ஒடம்பக் கெடுக்காத. நான் முடிவு பண்ணிட்டேன். தை வரைக்கும் பத்தாது. விஜி சித்திர வரைக்கும் எங்கிட்ட இருந்து நல்லாப் படிச்சுக்கிட்டு வரட்டும். இப்ப ஆஞ்சநேயருக்கு ஒரு வெத்தல மால சாத்திட்டு வாரேன்."

வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தவன் அன்றைக்கு மொட்டைமாடியில் கொதிக்கும் ஏசிப் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தவறவிட்டான். இத்தனை கடை ஏறி இறங்கி, கடைசியில் நாள் கூடிப்போனதுதான் மிச்சம். சாப்பாட்டு நேரத்தில் விஜிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தப் பக்கம் விசும்பல் மாதிரி ஒரு சத்தம். அவள் அழுகிறாளோ என்று பயந்துவிட்டான். பிறகுதான் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"பொட்டக் கொரங்குன்னா சொன்னாங்க?"

"சிரிக்காதீங்க விஜி. சித்திரையாம்."

"நாளைக்குச் சேல எடுக்க அத்த மதுரைக்கு வர்றாங்கல்ல?"

"ஆமா. நீங்க ஒண்ணும் பேசிறாதீங்க. நானே எப்படியாவது..."

"நீங்க எழுதினதெல்லாம் போதுங்க. ஒரு நாளைக்குப் போனைக் கீழ வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. துணி துவைத்தான். துவைத்ததையே மறுபடி அலசினான். சேலைக் கடையில் என்ன நடக்கிறதோ! விஜி ஒரு வார்த்தை வெடுக்கென்று சொல்லிவிட்டால்? அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால்? ஃபாரூக் சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசிக்கவில்லை என்றான்.

நடுப்பகலில் வீடியோ அழைப்பு வந்தது. விஜியின் எண். திரையில் அவள் இல்லை. நாகவள்ளி இருந்தாள். சேலைப் பைகளை முதுகுக்குத் திண்டாக வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு தட்டு.

"டேய் அன்பு, இதான்டா மந்தி! மதுரையிலயே விக்கிறாகடா!"

தட்டில் பாதி காலியாகியிருந்தது.

"கடைக்கு வெளிய பெருசா எழுதியே போட்டிருக்காக. நான் வாசல்லயே நின்னுட்டேன், உள்ள வர மாட்டேன்னு. இந்தப் புள்ளதான் கையப் புடிச்சு அடுப்புப் பக்கம் கூட்டிட்டுப்போயி, ஆட்டுத் தலையக் காமிக்கச் சொல்லிச்சு. கொம்போட காமிச்சான். அப்புறந்தான் உக்காந்தேன்."

கேமராவுக்கு வெளியிலிருந்து விஜியின் கை வந்து, ஒரு கறித்துண்டைப் பிய்த்து நாகவள்ளியின் பக்கம் வைத்தது. நாகவள்ளி எலும்பை ஒதுக்கிவிட்டு நிதானமாக மென்றாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"கறி நல்லா வெந்திருக்கு. ஒறப்புத்தான் கம்மி." இன்னொரு வாய் வைத்தாள். "ஏன்டா, இந்தக் கறிய வீட்டுல நான் ஆக்குனா என்ன ஆகும்? காலையில அரைக்க உக்காந்தா மத்தியானம் வரைக்கும் வேகணும். எல்லாரும் தின்னு முடிச்சு எனக்குச் சட்டியில ஒட்டுனதுதான் மிஞ்சும். இங்க பாரு, நான் உக்காந்த எடத்துக்கு வருது. பத்துப் பாத்திரம் இல்ல. எலும்புல நல்ல எலும்பா எனக்குன்னு எடுத்து வெக்கிது இந்தப் புள்ள."

"அப்ப..." அன்பரசன் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தான். மேல் கட்டிலிலிருந்து ஃபாரூக்கின் தலை தொங்கியது. "அப்ப விஜி எப்பம்மா கெளம்பணும்? சித்திரை?"

"என்ன சித்திர? கூட்டிட்டுப் போ. ஒண்ணாவே கெளம்புங்க. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு வந்து இதத் தின்னுக்கங்க, அதத் தின்னுக்கங்க. ஆக்குறதுக்கு ஊருல எம்புட்டுப் பேரு இருக்கான்!"

ஃபாரூக் மேலிருந்து கட்டிலைத் தட்டினான். விஜி தன் முகத்தை ஒரு நொடி கேமராவுக்குள் நீட்டி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி புருவத்தை உயர்த்திவிட்டுப் போனாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் நாகவள்ளி. அன்பரசன் கட்டிலிலிருந்து பாதி எழுந்தான். "காய்ச்சல் வந்தா கடை ரசம் ஆகாது. ரசம் மட்டும் வீட்டுல வெச்சாகணும். அத ஒருத்தர் படிச்சே தீரணும். இந்தப் புள்ளகிட்டச் சொன்னேன். 'உங்க மயனுக்கே சொல்லிக் குடுங்க அத்த, மூணு வருசமா அடுப்புப் பத்த வெக்காமத்தான இருக்காக'ங்குது. எனக்கும் அது சரின்னுதான் படுது."

"நானா?"

"பின்ன? லீவுக்கு வர்றேல்ல, அடுப்படிக்கு வா."

"கலாஸ், முடிஞ்சுது மச்சான், மாட்டுன" என்று மேலிருந்து ஃபாரூக் கத்தினான். "அம்மா, இவனுக்குச் சுடுதண்ணி வெக்கவே தெரியாதும்மா!"

"நீயும் கூட இருந்து பாத்துக்கப்பா. ஒட்டகம் முழுங்குனவனுக்கு ரசம் வெக்கத் தெரியாட்டி எப்படி?"

அன்பரசன் சிரித்துவிட்டான். வெகு நாளைக்குப் பிறகு, எதையும் இரண்டு தடவை படித்துப் பார்க்காமல் வந்த சிரிப்பு. பசி சுரீரென்று ஏறியது.

"சரிம்மா, படிக்கிறேன். புளி எம்புட்டுப் போடணும்?"

நாகவள்ளி தட்டிலிருந்து கொஞ்சம் சோற்றை அள்ளி, உள்ளங்கையில் வைத்து உருட்டி, போனுக்கு நேராக நீட்டினாள். "இம்புட்டுத்தான். இதுக்கு மேல கூடுச்சுன்னா வாயில வெக்க முடியாது. நல்லாப் பாத்துக்கிட்டியா?"

"பாத்துக்கிட்டேம்மா."

அவள் அந்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, விஜியிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.