கறுப்புக் குட்டி

மூன்றாவதாக வந்த குட்டி கறுப்பு.

அக்கா அதைத் துணியால் துடைத்தாள். ஈரம் காய்ந்தால் நிறம் மாறிவிடும் என்பதுபோல மறுபடியும் துடைத்தாள். தாய் நாய் செம்பி பழுப்பு. அக்கா அதற்கு ஜோடி சேர்த்த ராஜாவும் பழுப்பு. அந்த இரண்டுக்கும் கறுப்பு பிறக்க வழியே இல்லை.

நிறம்கூட அவளுக்கு இரண்டாம்பட்சம்தான்; குணம்தான் முதல். குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் உறுமாத வம்சம் அது. ஒருமுறை உறுமிய நாயை, எவ்வளவு அழகாயிருந்தாலும், அவள் இனப்பெருக்கத்துக்கு விட்டதில்லை.

“எந்தக் காலத்துலயோ கலந்திருக்கும்க்கா,” என்றான் தம்பி, வெந்நீர்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு.

“எனக்கே காது குத்துறியாடா? நான் முட்டி ஆபரேஷனுக்குப் போனப்ப செம்பி உன்கிட்டதானே இருந்தா?”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“காவல் நாய் வேணும்னு ஒருத்தர் வந்தாரு. உங்க நாய்ங்க திருடனுக்கும் வாலாட்டுமேன்னு சிரிச்சாரு. எனக்கு மானம் போச்சு. முரட்டுக் குட்டி பிறக்கட்டும்னு அவரோட கறுப்பு நாயைக் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னேன். ஒரே தடவைதான்க்கா.”

“ராஜாவோட சேர்த்த பிறகா?”

“மறுநாள்.”

இரண்டு மாதமாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செம்பியின் வயிற்றைத் தடவி, “எல்லாம் ராஜாவை உரிச்சு வைச்சமாதிரி வரும் பாரு” என்று சொன்னவன் இவன்தான்.

“கறுப்பை மட்டும் ஒதுக்கிட்டா யாருக்குக்கா தெரியும்? முன்ன பிறந்த ரெண்டும் பழுப்புதானே?”

“அதுல எது யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?”

அவள் ஃபோனை எடுத்தாள். பேச்சு வராத மகனுக்காக ஒரு அம்மா இந்த ஈற்றில் ஒரு குட்டி கேட்டுக் காத்திருந்தாள்.

“இந்தக் குட்டிங்களை நம்பி உங்க பிள்ளைகிட்ட விட முடியாதும்மா. என் வீட்டுலயே தப்பு நடந்துபோச்சு.”

“பேர்கூட வச்சுட்டோமேங்க. அவன்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?”

அக்கா ஃபோனை வைத்துவிட்டுத் தம்பியிடம் கை நீட்டினாள்.

“நாய்க் கொட்டகைச் சாவியைக் குடு.”

“முட்டியை வச்சுக்கிட்டு ஒத்தையா இத்தனையும் எப்படி வளர்ப்ப?”

“வளர்த்துக்கறேன். நீ போ.”

சாவியை வைத்துவிட்டுப் போனான். வெளியே அவனுடைய வண்டி நெடுநேரம் கிளம்பவில்லை. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. செம்பி அடுத்த குட்டிக்கு முக்கத் தொடங்கியிருந்தது.