குடையோடு வந்து சேர்ந்த ரயில்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஓடிய அந்தச் சின்ன ரயிலை மெதுவான வண்டி என்பது அபாண்டம். 1908இல் ஒரு பயணியின் தொப்பி காற்றில் பறந்தது. அவர் இறங்கி, அதை எடுத்துத் தூசி தட்டி, ஒரு சுருட்டும் பிடித்துவிட்டு அதே பெட்டியில் ஏறிக்கொண்டது உண்மைதான். ஆனால் அது ஏற்றம். இறக்கமாயிருந்தால் சுருட்டு பாதிதான்.

டிரைவர் மாலக்கிக்கு ஐம்பது வயது. கில்தோரா லெவல் கிராசிங்கில் கேட் திறக்கும் விதவை ஹனோராவிடம் கல்யாணப் பேச்சை எடுக்கப் பதினோரு வருடமாக முயன்றுகொண்டிருந்தார். தினமும் வாயைத் திறப்பார். "காத்து ஜாஸ்தி" என்பார். வண்டி கடந்துவிடும். இப்போது அமெரிக்காவிலிருந்து அவள் தம்பி டிக்கெட் அனுப்பிவிட்டான். சனிக்கிழமை கப்பல். மாலக்கி வியாழனன்றே ஒரு குடை வாங்கினார். அதைக் கொடுத்தால் பேச்சு பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினார்.

அங்கே ஒற்றைத் தண்டவாளம். வண்டிகள் முட்டிக்கொள்ளாமலிருக்க ஒரே ஓர் இரும்புக் கோல். அது எந்த டிரைவர் கையில் இருக்கிறதோ அவர் வண்டிதான் நகரலாம்.

அன்றைய ஓட்டத்தில் கேட் வந்தது. மாலக்கி கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்து அவள் கையில் திணித்தார். "காத்து ஜாஸ்தி" என்றார்.

அடுத்த ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் டோலன் கோலுக்காகக் கையை நீட்டினார். கையில் குடை வந்தது. விரித்துப் பார்த்து மடக்கினார்.

"நல்ல குடைதான். ஆனா சட்டத்துல கோல்னு போட்டிருக்கு. கோல் எங்கய்யா?"

மாலக்கி குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கினார். கோலில்லாமல் வண்டி பின்னாலும் போகாது. கேட்டுக்கு நாலு மைல் திரும்பி நடந்தார். எதிர்காற்று, முதல் மைலை மட்டும் மூன்று தடவை நடக்க வேண்டியிருந்தது. வேறு வேலையில்லாததால் பயணிகளும் கூடவே வந்தார்கள்.

ஹனோரா கோலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு வருஷம் யோசிச்சு, கடைசில எனக்கு இரும்புத் தடியாய்யா?"

"மாறிப் போச்சு. உங்களுக்கு இதுதான்." குடையை நீட்டினார்.

"இந்தக் கோல் எங்கிட்ட இருக்கிற வரைக்கும் எந்த வண்டியும் நகராதில்ல?"

"நகராது."

"கப்பலுக்குப் போற வண்டியும்?"

"அதுந்தான்."

"அப்ப அவசரமில்ல. வந்த விஷயத்தைச் சொல்லு. காத்தைப் பத்தி மட்டும் வேணாம்."

நாற்பது பயணிகள் கேட்க, மாலக்கி சொன்னார். ஹனோரா குடையை வாங்கிக்கொண்டாள்.

கோலைத் திங்கட்கிழமைதான் திருப்பிக் கொடுத்தாள். கப்பல் போயிருந்தது. ரயில் நாலு நாள் நின்றதைப் பற்றி டோலன் பதிவேட்டில் ஒரே வரி எழுதினார்: வழக்கத்தைவிடச் சற்றே தாமதம்.