தொங்குகாதும் நிமிர்காதும்

காது ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்றுதான். முழங்காலைத் தொடாத அதே உயரம், அதே முரட்டு முடி, அதே செம்மண் நிறம், எலி என்றால் உயிரையே விடும் அதே கிறுக்கு. ஒன்றுக்குக் காது விறைத்து நிற்கும், இன்னொன்றுக்கு மடிந்து கன்னத்தோடு தொங்கும். ஒரே தாய் ஈன்ற குட்டிகளில்கூட இரண்டும் இருக்கும். இதை வைத்துக்கொண்டு நார்ஃபோக் மாகாணத்து ஆட்கள் வருஷக்கணக்கில் முட்டிமோதினார்கள். நிமிர்காதுக்காரன் உட்கார்ந்த பெஞ்சில் தொங்குகாதுக்காரன் உட்கார மாட்டான் என்கிற அளவுக்குப் போயிற்று. கடைசியில் 1964இல் லண்டனில் இருந்த நாய்ச் சங்கம், இந்த வம்பே வேண்டாம் என்று இனத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டது. நிமிர்காது நாரிச் டெரியர், தொங்குகாது நார்ஃபோக் டெரியர். இனித் தனித்தனிப் பெயர், தனித்தனிப் பதிவேடு, கண்காட்சியில் தனித்தனிக் களம்.

தொங்குகாதுக்காரர்கள் விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். இத்தனை நாளாகப் பரிசையெல்லாம் நிமிர்காதுகளே அள்ளிக்கொண்டு போயின. அந்தக் கடுப்பு அவர்களுக்கு. விருந்தில் ஹெஸ்டர் லார்ட்டரும் இருந்தாள். ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள், தம்பி கிளெமோடு பீட்ரூட் பண்ணையில் இருக்கிறவள், பத்தொன்பது வருஷமாகத் தொங்குகாது வளர்ப்பவள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கோப்பையை உயர்த்தினாள். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

காரணம் ஆம்ப்ரோஸ் அட்டிங். அவர் நிமிர்காதுக்காரர்.

அந்த வட்டாரக் கண்காட்சிகளில் ஒரு வழக்கம் இருந்தது. நடுவர் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக நிமிர்காது ஒன்று, தொங்குகாது ஒன்று என்று மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் ஹெஸ்டர் முதன்முதலாகக் களத்தில் இறங்கியபோது பக்கத்தில் நின்றவர் ஆம்ப்ரோஸ். கடலோர ரயில் பாதையில் ரயிலுக்குக் கைகாட்டி இறக்கும் சிக்னல் பெட்டிக்காரர், தனிக்கட்டை. அன்றிலிருந்து எப்படியோ இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். எப்படியோ என்ன எப்படியோ, அவள் முண்டியடித்துத்தான் நின்றாள்.

"அந்தத் தூங்குமூஞ்சிய இன்னைக்கும் கூட்டிட்டு வந்துட்டீங்களா, மிஸ் லார்ட்டர்?" என்பார் அவர், நேராகப் பார்த்தபடியே.

"உங்க நாய் மூஞ்சிய மொதல்ல பாருங்க, மிஸ்டர் அட்டிங். வரி கேட்டு ஆள் வந்த மாதிரி முழிக்குது."

"காது தொங்கினா சரியாக் கேக்காதாமே?"

"நல்லதுதான். நீங்க பேசுறதெல்லாம் அதுக்குக் கேக்க வேணாம்."

இவ்வளவுதான் பேச்சு. நடுவர் வந்துவிடுவார். வருஷத்துக்கு நாலு கண்காட்சி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம். பத்தொன்பது வருஷத்தையும் கூட்டினால் அரை நாள்தான் தேறும் என்று ஹெஸ்டர் ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறாள். அந்த அரை நாளை வைத்துக்கொண்டு அவள் மீதி வருஷங்களை ஓட்டினாள். இப்போது அதையும் சங்கம் பிடுங்கிக்கொண்டது.

அப்படியென்றால் நேரே அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு நார்ஃபோக் ஆட்களைத் தெரியாது. காரணம் இல்லாமல் பக்கத்து வீட்டு வேலியைக்கூடத் தாண்டாத ஜனம். ஒரு பெண், இருபது மைல் தள்ளி, தனியாக இருக்கிற ஆண்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டி, "சும்மாதான் வந்தேன்" என்று சொல்வதா? அவளுக்கு நினைத்தாலே வியர்த்தது.

மறு வருஷம் ஜனவரியில் அவளுடைய டான்சி மூன்று குட்டி போட்டது. பத்தாவது வாரத்தில் அதில் ஒரு ஆண்குட்டிக்கு வலது காது மெல்ல எழுந்து நின்றது.

கிளெம்தான் முதலில் பார்த்தான். "என்னக்கா இது, மறுபடியும் ஒண்ணு நிமிருது? நம்ம ஆளுங்க கண்ணுல பட்டா மானம் போயிரும். பால்பண்ணக்காரனுக்குக் குடுத்துத் தள்ளிரு. எலியாச்சும் புடிக்கட்டும்."

"இருக்கட்டும்," என்றாள் ஹெஸ்டர்.

"இருக்கட்டுமா? போன தடவ ஒண்ணு இப்படி நிமிர்ந்தப்ப ஒரே வாரத்துல வீட்ட விட்டு அனுப்பின. இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

அவள் குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிரித்த புதிதில் சங்கம் ஒரு சலுகை தந்திருந்தது. தாய் தகப்பன் எப்படியிருந்தாலும் குட்டியின் காது எப்படி நிற்கிறதோ அப்படியே பதிந்துகொள்ளலாம். இந்தக் குட்டிக்கு இரண்டு காதும் நின்றுவிட்டால் இது நாரிச். நாரிச் என்றால் நாரிச் களம். நாரிச் களம் என்றால் ஆம்ப்ரோஸ் அட்டிங்.

குட்டிக்குப் பார்லி என்று பெயர் வைத்தாள். மார்ச் போய், ஏப்ரல், மே என்று அவள் ஒரு காதுக்காகக் காத்திருந்தாள். வலது காது கம்பு மாதிரி நின்றது. இடது காதுதான் படுத்தியது. காலையில் எழும், மத்தியானம் பாதி சாயும், சாயங்காலம் கன்னத்தில் விழுந்து கிடக்கும். எலும்பு வேகவைத்த தண்ணீர் கொடுத்தாள். எழுந்ததும் சட்டியைக்கூட அடுப்பில் ஏற்றாமல் முதலில் காதைத்தான் போய்ப் பார்ப்பாள். பிள்ளைகள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் அவள் ஒரு நாயின் காதுக்குக் காத்திருந்தாள். இந்த வயதில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொள்ளவும் செய்தாள். ஆனால் காது நின்றபாடில்லை.

மே கடைசியில் இரண்டு காதும் சேர்ந்தாற்போல் நாலு நாள் நின்றன. அவ்வளவுதான், படிவத்தை எடுத்து 'நிமிர்காது' என்று எழுதி, ஐந்தாவது நாள் வருவதற்குள் தபாலில் போட்டுவிட்டாள். ஜூலை கடைசி சனிக்கிழமை ஐல்ஷம் மைதானத்தில் கண்காட்சி. பிரித்தபிறகு அந்த வட்டாரத்தில் நடக்கும் முதல் நாரிச் களம். நாள் நெருங்க நெருங்கப் பார்லிக்குக் கடைவாய்ப் பல் முளைத்தது. பல் முளைக்கும்போது காது சாயும் என்பது நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். இடது காது விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான்.

கண்காட்சியன்று விடிந்ததும், ஹெஸ்டர் பார்லியை மேசைமேல் நிறுத்தி, தோல் நிறப் பிளாஸ்திரியை நூலகலத்துக்கு வெட்டிக் காதின் உள்பக்கம் வைத்து ஒட்டினாள். மேலே முடியை இழுத்துவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மிஸஸ் பெக் தன் நாயின் காதில் கோந்து தடவியிருந்ததைக் கண்டுபிடித்து நடுவரிடம் சொன்னதே ஹெஸ்டர்தான். அதற்கப்புறம் மிஸஸ் பெக்கை எந்தக் களத்திலும் சேர்க்கவில்லை. அந்த அம்மாள் ஊரையே காலி பண்ணிவிட்டுப் போனாள்.

கிளெம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா பண்ற?"

"உண்ணி இருக்கான்னு பாக்குறேன்."

"உண்ணிக்குப் பிளாஸ்திரியா?" அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "ஒரு பரிசு ரிப்பனுக்காகவாக்கா? அந்த அட்டிங்க ஒருதடவையாச்சும் ஜெயிக்கணும், அதானே? பத்தொம்பது வருஷமா அந்தாளோட மல்லுக்கட்டி என்னத்தக் கண்ட?"

"ஆமா. ஜெயிக்கணும்," என்றாள். பொய்யே சுலபமாக இருந்தது.

மைதானத்தில் தொங்குகாதுகளுக்குக் காலையில் களம், நிமிர்காதுகளுக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம். ஹெஸ்டர் தன் ஆட்கள் கண்ணில் படக்கூடாது என்று கிளெமை மட்டும் வெளியே அனுப்பிவிட்டுக் காலை முழுக்க வேனுக்குள் நாயோடு பதுங்கிக் கிடந்தாள். வெளியே அவள் கூட்டாளிகள் கைதட்டுவது கேட்டது. இரண்டு மணிக்குக் களத்துக்குள் இறங்கினாள்.

ஒன்பது நாய்கள் வரிசையில் நின்றன. எல்லாமே நிமிர்காது. நடுவில் ஆம்ப்ரோஸ், அவருடைய டச்சஸ் என்கிற பெட்டையோடு. இன்றைக்கு டச்சஸுக்குத்தான் முதல் பரிசு என்று தேநீர்க் கூடாரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஹெஸ்டர் ஒருத்தரை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். முழு வருஷம் கழித்து அந்தப் பழைய ட்வீட் கோட்டின் வாசனை வந்தது. இதற்காகத்தான், இது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆம்ப்ரோஸ் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு நாயைப் பார்த்தார். "இது யாரு?"

"பார்லி. நாரிச்தான்."

"நாரிச்சா?" நாய் இரண்டு அடி வைப்பதைப் பார்த்தார். "முதுகும் நடையும் அப்படியே டான்சி."

"டான்சி மகன்தான். காது நின்னுருச்சு."

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து பார்லியின் தலையில் உட்கார்ந்தது. வலது காது பட்டென்று துடித்தது. இடது காது மரக்கட்டைபோல் அசையாமல் நின்றது. ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை ஹெஸ்டர் பார்த்தாள்.

நடுவராக வரவேண்டிய கிழட்டுக் கர்னலுக்குக் கண் மங்கல். அவரை நம்பித்தான் அவள் துணிந்திருந்தாள். அவருக்குக் காய்ச்சலாம். பதிலாக மிஸஸ் குடர்ஹாம் வந்திருந்தாள். புது இனத்தின் முதல் வருஷம், தப்பு நடக்கக்கூடாது என்று அந்த அம்மாள் ஒவ்வொரு நாயின் காதையும் அடிவரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள். இன்னும் மூன்று நாய். இரண்டு நாய்.

ஆம்ப்ரோஸ் கையைத் தூக்கினார். "மேடம், மிஸ் லார்ட்டரோட நாய்க்குக் கால்ல முள்ளு ஏறியிருக்கு. வெளிய கூட்டிட்டுப் போறேன்."

மிஸஸ் குடர்ஹாம் நிமிர்ந்தாள். "அவங்களே கூட்டிட்டுப் போகட்டும். நீங்க எதுக்கு? உங்க பெட்டைய நான் இன்னும் பாக்கல."

"ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் முள்ளெடுக்கணும்."

"வெளிய போனா திரும்ப வர முடியாது, மிஸ்டர் அட்டிங்."

"தெரியும் மேடம்."

டச்சஸை ஒரு கக்கத்திலும் பார்லியை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு அவர் நடந்தார். ஹெஸ்டர் பின்னாலேயே போனாள். கூடாரத்துக்குப் பின்னால், வைக்கோல் கட்டுகள் கிடந்த இடத்தில் நாய்களை இறக்கிவிட்டு, பார்லியின் காதைத் திருப்பிப் பிளாஸ்திரியை உரித்து எடுத்தார். காது பொத்தென்று கன்னத்தில் விழுந்தது. பிளாஸ்திரியைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சங்கத்துல சொல்லிருங்க," என்றாள் ஹெஸ்டர். "மிஸஸ் பெக்க நான் சொன்னேன்ல. எனக்கும் அதுதான் நியாயம்."

"ரிப்பனுக்காக இதச் செய்யிற ஆளில்ல நீங்க. எதுக்குச் செஞ்சீங்க?"

அவள் ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள். இனி மறைக்க என்ன மிச்சமிருக்கிறது? "உங்க பக்கத்துல நிக்கத்தான். வேற வேற களம்னு பிரிச்சிட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல."

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காலைல எட்டரைக்கே வந்துட்டேன்," என்றார் கடைசியில். "என் களம் ரெண்டு மணிக்குன்னு தெரியும். தொங்குகாதுக் களத்தச் சுத்திக் கட்டுன கயித்துப் பக்கம் நின்னேன். உங்க ஆளுங்க என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. ஒவ்வொரு நாயா வந்துச்சு, போச்சு. நீங்க வரல. உங்க தம்பி அங்கதான் நின்னாரு, அவர்கிட்டப் போய்க் கேக்க எனக்கு வாய் வரல. ஆஸ்பத்திரில கிடக்குறீங்களோ, இல்ல செத்தே போயிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"நான் வேனுக்குள்ள ஒளிஞ்சிருந்தேன்."

"கிழிஞ்சது போ," என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

களத்தில் கைதட்டல் எழுந்தது. யாரோ ஒருவருடைய நாய் முதல் பரிசு வாங்கிவிட்டது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஹெஸ்டருக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. கயிற்றுப் பக்கம் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அங்கே யாரும் காதைப் பார்ப்பதில்லை, படிவம் கேட்பதில்லை. இந்தச் சின்ன விஷயம் இரண்டு பேரில் ஒருத்தர் புத்திக்காவது இத்தனை வருஷம் எட்டவில்லையே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

"அடுத்த கண்காட்சி செப்டம்பர்ல," என்றார் ஆம்ப்ரோஸ்.

"ஆமா."

"அதுக்கு ரெண்டு மாசம் கிடக்கு." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "எங்க ரயில் பாதைய மூடிட்டாங்க. சிக்னல் பெட்டில எனக்கு இப்ப வேலை இல்ல. எனக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான்." அப்புறம், பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக, "ஹெஸ்டர்," என்றார். "நாயில்லாம ஒரு நாள் வாயேன்."

"நாயில்லாம வந்து, என்னன்னு சொல்லிக் கதவத் தட்டுறது?"

அவர் யோசித்தார்.

"தட்ட வேணாம். நான் வாசல்ல நிக்கிறேன்."

"நான் எந்த நாள் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார் ஆம்ப்ரோஸ். "தெனமும் நிப்பேன்."