பிளாக் கோஸ்டுக்குக் கொஞ்சம் இருட்டு

மீன் வாங்கி வந்து ஒரு வாரமாகியும் அது முகத்தைக் காட்டவில்லை. தொட்டிக்குள் போட்ட பிவிசி பைப் துண்டுக்குள் புகுந்ததுதான், அதன் பிறகு அசைவே இல்லை. புது மருமகள்கூட இப்படி அறைக்குள் அடைந்து கிடக்க மாட்டாள். போடுகிற புழுத்தீனி அடியில் கிடந்து ஊறியது. டியூப் விட்டு அதை உறிஞ்சி எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர் மாரிமுத்து. மீனின் பெயர் பிளாக் கோஸ்டாம், அதாவது கருப்புப் பேய். கன்னங்கரேலென்று தட்டையாக, வாலில் மட்டும் வெள்ளை வளையங்கள். அடுத்த வீட்டுச் சென்னம்மா வந்து குனிந்து குனிந்து பார்த்தாள்.

“இன்னாம்மா சரசு, காசு குடுத்துப் பேய வாங்கியாந்து வெச்சிகினு இருக்கீங்க? அதுவும் கண்ணுக்கே தெரில.”

“கண்ணுக்குத் தெரிஞ்சா அது என்னக்கா பேயி?” என்றேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

நாங்கள் அருப்புக்கோட்டைக்காரர்கள். சூளகிரியில் வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு ஓசூர் கம்பெனியில் முதல் ஷிப்ட், எனக்கு இங்கே ஒரு கம்பெனியில் இரண்டாவது. மதியம் நான் பஸ் ஏறின பிறகுதான் அவர் வீட்டுக்கு வருவார். நான் ராத்திரி வரும்போது தூங்கிவிடுவார். சண்டை போடக்கூட ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.

தொட்டி வாங்கிய அன்று அவர் சொன்னார்: “வேலை முடிஞ்சு வந்தா வீட்ல அசையுற உசுரு ஒண்ணாவது இருக்கட்டும் சரசு.”

“நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கத்தினேன். மனசுக்குள் சுருக்கென்றது.

முதலில் வாங்கிய தங்க மீன் ஜோடி செத்துப்போனது. அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. இப்போது இது. “இதுவும் போச்சுன்னா தொட்டிய யாருக்காச்சும் குடுத்துரு. எனக்குக் கை ராசியில்ல” என்று போனில் சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற மீன் மேல் எனக்குப் பொறாமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது செத்தால் இந்த மனுஷன் காலி வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்ப்பார்?

தொட்டியைச் சுவரோரம் நகர்த்தினேன். பின்பக்கம் கருப்புத் தாள் ஒட்டினேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன். ம்ஹூம்.

சனிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஈபிகாரனைத் திட்டிக்கொண்டே சீப்பைத் தேடினேன். தொட்டிப் பக்கம் ஏதோ நெளிகிற மாதிரி இருந்தது. கதவிடுக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். அடப்பாவி! முந்தானை காற்றில் அலைகிற மாதிரி வயிற்றோரத் துடுப்பை அலையவிட்டு, தொட்டி முழுக்க உலா போய்க்கொண்டிருந்தது. முன்னால் போகிறது, திரும்பாமல் அப்படியே பின்னாலும் போகிறது. அடியில் கிடந்த புழுவைக் கவ்வியது. கரண்ட் வந்ததும் ஒரே பாய்ச்சலில் பைப்புக்குள் போய்விட்டது.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் லைட் அணைவதே இல்லை. ஆளில்லாத இருட்டு வீட்டுக்குள் அவர் நுழையக் கூடாது என்று நான் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்; நான் வருவதற்காக அவரும் அதை எரியவிட்டே தூங்குவார். ராத்திரி நான் வந்து சாப்பிட்டு, லைட்டை அணைத்துக் கண் அசருவதற்குள் அவர் எழுந்து போட்டுவிடுவார். இருட்டில் இரை தேடுகிற உயிரை வெளிச்சத்தில் பட்டினி போட்டிருக்கிறோம்.

பில்டரை மட்டும் ஓடவிட்டு எல்லா லைட்டையும் அணைத்தேன். “லைட்டைப் போடாதீங்க. போன் வெளிச்சத்தைத் தள்ளி வெச்சுப் பாருங்க” என்று அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

டீ இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்ததுமே அடித்தது.

“சரசு! வெளிய வந்துட்டான்டி! புழுவப் போட்டேன், கபக்குனு தின்னுட்டான்!” குதிக்காத குறை.

“நான் யாரு?” என்றேன் பெருமையாக. “நீதான்டி” என்றார், குதிப்பு அடங்கிய குரலில். “என்னங்க?”

“ஒண்ணுமில்ல. கதவத் தொறந்தேன், இருட்டாக் கெடந்துச்சு. தெனமும் லைட்டு எரியும்ல, செருப்பக் கழட்டுற வரைக்கும் நீ உள்ளதான் இருக்கேன்னு நெனச்சுக்குவேன். இன்னைக்கு அது இல்ல. அவ்வளவுதான். நீ டீயக் குடி.”

டீயை அப்படியே வைத்துவிட்டேன். அழுகைதான் வந்தது. இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் என்னத்தைக் குடும்பம் நடத்தினார் இந்த மனுஷன்?

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் மாற்றம் கேட்கிறவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆபரேஷன் என்று எதையாவது சொல்லுவார்கள். நான் நேரே சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் முன்னால் போய் நின்றேன்.

“சார், என்னை முதல் ஷிப்டுக்கு மாத்தி விடுங்க.”

“ஏம்மா, வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் சார். எனக்கு என் வீட்டுக்காரரைப் பாக்கணும்” என்றேன்.